பாடுபவர் தடுக்கினால் எந்த ஃபைல் தாங்கும்?

தீபாவளி முடிந்த மறுவாரம் சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் விருந்து. பதினொரு பாட்டு, பாடுபவர்கள் நான்கு பேர், வாத்தியம் என்று பார்த்தால் ஒரே ஒரு கீபோர்டு. வாசிக்கப் போவது என் அக்கா மகன். தேசிய சேவை முடித்த கையோடு வாங்கிய கீபோர்டு அது. கை நன்றாகவே ஓடுகிறது, மேடைதான் புதிது. ஒரு மாதம் முன்பு தேக்காவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டான்: "மாமா, மிடி ஃபைல் தேடறதா, ஸ்டைல் போட்டு வாசிக்கறதா, இல்ல பேசாம மைனஸ் ஒன் ஓடவிட்டு மேல டச் பண்றதா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

ஆளுக்கு ஒன்று சொல்வதில் வியப்பில்லை. மூன்றும் பாடுபவருக்குப் பக்க இசை தரும் வழிகள், மூன்றையும் 'டிராக்' என்ற ஒரே பெயரில் கூப்பிட்டுப் பழகிவிட்டோம். மேடையில் நாலைந்து முறை சூடு பட்டவன் என்ற முறையில் நான் அவனிடம் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: பாடுபவர் சரணத்தை விட்டுவிட்டுப் பல்லவிக்குத் தாவினால், நீயும் கூடவே தாவ முடியுமா? பாடப்போகிறவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒருவர் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர், மற்ற இருவரும் தொடக்கக் கல்லூரி மாணவிகள். இரண்டே ஒத்திகை. தடுக்காமல் இருக்க மாட்டார்கள். ஆகவே எது இனிமையாக ஒலிக்கும் என்பதைவிட எது விழாமல் பிடிக்கும் என்றுதான் நான் பார்த்தேன்.

முதலில் மிடி. அதில் எல்லாரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. தா தி தொம் நம் என்று நோட்டுப் புத்தகத்தில் சொல்கட்டு எழுதி வைக்கிறோம். அந்தத் தாளைக் காதில் வைத்தால் சத்தம் வராது. யார் கை எந்த மிருதங்கத்தில் அதை வாசிக்கிறதோ, அந்த மிருதங்கத்தின் நாதம்தான் வரும். மிடி ஃபைலும் அப்படித்தான். '60ம் எண் சுரத்தை 90 அளவு அழுத்தத்தில் தட்டு, இவ்வளவு நேரம் கழித்துக் கையை எடு' என்பது போன்ற கட்டளைகள் மட்டுமே அதில் இருக்கும். சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண். நடு ஸ்தாயி ஸி என்பது 60. அழுத்தத்துக்கும் அதே 127தான் உச்சம். வாத்தியங்களைப் பிரித்து அனுப்பும் வழிகள், அதாவது சேனல்கள், 16. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த 'நாம்' (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் டேவ் ஸ்மித்தின் சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸ் செய்த ப்ராஃபெட்-600ஐயும் ரோலண்டின் ஜூப்பிட்டர்-6ஐயும், இரண்டு சிந்தசைசர்களை, ஒரு வயரால் இணைத்துக் காட்டினார்களே, அன்றைக்கு ஓடிய அதே மொழிதான் இன்றைக்கும் ஓடுகிறது. இதற்காக டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டின் இகுதாரோ ககெஹாஷிக்கும் 2013ல் தொழில்நுட்ப கிராமி கொடுத்தார்கள்.

கட்டளை மட்டும் என்பதால் மிடி ஃபைல் எடையே இல்லாதது. நான்கு நிமிடப் பாட்டு சுமார் 40, 50 கிலோபைட்டுக்குள் முடிந்துவிடும். அதே பாட்டு சிடி தரத்தில் வேவ் ஃபைலாக இருந்தால் நிமிடத்துக்குப் பத்து மெகாபைட், ஆக 40 மெகாபைட்டுக்கு மேல். ஃப்ளாப்பி காலத்தில் 1.44 மெகாபைட் தகட்டில் முப்பது பாட்டைத் தூக்கிக்கொண்டு கச்சேரிக்குப் போனோம் என்றால், மிடியால்தான்.

ஃபைலில் சத்தம் இல்லை என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நம்மூர்க் கம்பெனிதான். தொண்ணூறுகளின் நடுவில் சிம் லிம் ஸ்குவேரில் பொருத்தி வாங்கிய கணினியில் கிரியேட்டிவ் கம்பெனியின் சவுண்ட் பிளாஸ்டர் 16 என்ற சவுண்ட் கார்டு இருந்தது. சிம் வோங் ஹூ 1981ல் இங்கே தொடங்கிய கம்பெனி, உலகம் முழுக்கக் கணினிக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கார்டில், ஒலியைச் செயற்கையாக உண்டாக்கும் யமஹாவின் எஃப்எம் சிப் வேலை செய்தது. நான் மாதக்கணக்கில் கோத்த ஒரு மிடிப் பாட்டில் வயலின்கள் கொசு ரீங்காரம் போல வரும். பிறகு நண்பர் வீட்டில் அதே ஃப்ளாப்பியை ஏடபிள்யூஇ32 கார்டில் போட்டோம். அது நிஜ வாத்தியங்களின் மாதிரி ஒலியை நினைவகத்தில் வைத்து வாசிக்கும் கார்டு. வயலின் வயலினாகக் கேட்டது. ஃபைலில் ஒரு பைட்டுகூட மாறவில்லை. அன்றைக்குப் பட்ட வியப்பு இன்னும் போகவில்லை.

அதன் மறுபக்கம்தான் தொல்லை. ஒரு கீபோர்டில் கோத்த மிடி, அடுத்த கீபோர்டில் எப்படி ஒலிக்கும் என்பதற்கு ஓர் ஒப்பந்தம் தேவைப்பட்டது. 1991ல் வந்த ஜெனரல் மிடி அதுதான். 128 டோன்களுக்கும், அதாவது வாத்திய ஒலிகளுக்கும், நிரந்தர எண் கொடுத்தார்கள். 10ம் சேனல் தாள வாத்தியங்களுக்கு என்று ஒதுக்கினார்கள். அந்த 128ல் நமக்கு என்ன கிடைத்தது என்று தேடினால் 105ல் சிதார், 112ல் ஷெனாய், அவ்வளவுதான். வீணை இல்லை. நாதஸ்வரம் இல்லை. 10ம் சேனலில் தபலா, மிருதங்கம், தவில் எதுவும் இல்லை. 60, 61ல் பாங்கோ, 62 முதல் 64 வரை காங்கா. அதனால் பொதுவான கீபோர்டுக்காகத் தமிழ்ப் பாட்டு கோக்கிறவர்கள் தபலாவின் சொற்களை இந்த ஐந்து எண்களுக்குள் அடக்கிச் சமாளிப்பதுண்டு. ரோலண்ட் ஜிஎஸ் என்றும், 1994ல் யமஹா எக்ஸ்ஜி என்றும் ஒப்பந்தத்தை விரித்தார்கள். டோன்கள் பெருகின. ஆனால் எக்ஸ்ஜிக்காகச் செய்த ஃபைலை எக்ஸ்ஜி தெரியாத கீபோர்டில் போட்டால் கூடுதல் டோன் எல்லாம் அடிப்படை டோனுக்கு இறங்கிவிடும்.

சிங்கப்பூரில் இது இன்னொரு வடிவில் வரும். ஊருக்குப் போகிறவர்கள் சென்னையிலிருந்து இந்தியாவுக்கென்றே செய்த கீபோர்டை வாங்கி வருவார்கள்: யமஹாவின் பிஎஸ்ஆர்-ஐ500, கேசியோவில் பெயர் 'ஐஎன்' என்று முடியும் மாடல்கள். தபலா, டோலக் எல்லாம் அதில் அருமையாக இருக்கும். அந்த டோன்களை வைத்துக் கோத்த மிடியை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். இங்கே வாங்கிய கீபோர்டில் போட்டால் தபலாவின் 'தின்' விழ வேண்டிய இடத்தில் கௌபெல் அடிக்கும். ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று அழித்தவர்களை எனக்குத் தெரியும். ஃபைலில் குறையில்லை, அது கூப்பிட்ட ஆள் அந்த வீட்டில் இல்லை, அவ்வளவே.

சரி, மிடியின் பெரிய பலம் எது? கட்டை, அதாவது பாடும் சுருதியை மாற்றுவது. ஆசிரியை ஐந்தரைக் கட்டையில் ஒத்திகை பார்த்துவிட்டு, விருந்தன்று தொண்டை சரியில்லை, ஐந்துக்கு இறக்கு என்பார். கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் ஒரு தட்டு. வேகமும் அப்படியே, காலத்தைக் குறைத்தால் சுருதி இறங்காது. ஒலிப்பதிவில் இதே வேலையைச் செய்தால் ஒரு கட்டை வரை காது பொறுக்கும், அதற்கு மேல் வயலினுக்குச் சளி பிடித்தாற்போல இருக்கும்.

ஆனால் கட்டையைக் கணினியில் மாற்றும்போது ஒரு குழி இருக்கிறது, அக்கா மகன் அதில் நேராகப் போய் விழுந்தான். ஒரு கட்டையில் இருந்த பாட்டை இரண்டு கட்டைக்கு ஏற்ற, எல்லாச் சேனலையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இரண்டு எண் கூட்டிவிட்டான். 10ம் சேனலும் சேர்ந்து ஏறியது. அங்கே எண் என்பது சுரமே இல்லை, வாத்தியத்தின் பெயர். 36 பேஸ் டிரம். இரண்டு கூட்டினால் 38, அதாவது ஸ்னேர். 46 திறந்த ஹை-ஹாட். அது 48 ஆகி டாம் ஆனது. பாட்டு சரியான கட்டையில் ஓட, டிரம்ஸ்காரர் மட்டும் பாத்திரக் கடையில் தடுமாறி விழுந்த மாதிரி இருந்தது. "மாமா, கீபோர்டு ரிப்பேரா?" என்றான். 10ஐ விட்டுவிட்டு மற்றதை மட்டும் ஏற்றச் சொன்னேன். கீபோர்டின் சொந்த ட்ரான்ஸ்போஸ் பொத்தான் இந்தத் தவறைச் செய்வதில்லை, டிரம்ஸைத் தொடாது.

டைப் 0, டைப் 1 என்று பார்த்திருப்பீர்கள். டைப் 1ல் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி டிராக். கணினியில் திருத்த வசதி. டைப் 0ல் எல்லாம் ஒரே டிராக்கில், நேர வரிசைப்படி. பழைய கீபோர்டுகள் சில 0ஐ மட்டுமே படிக்கும், புதியவை இரண்டையும் படிக்கும். வீட்டில் 1ஆக வைத்துத் திருத்திவிட்டு மேடைக்கு 0ஆகச் சேமித்துக்கொண்டு போவது என் வழக்கம். எந்த டைப் என்று தெரியவில்லையா? ஃபைலின் 9, 10ம் பைட்டுகளில் எழுதியிருக்கும். அதைத் திறந்து பார்ப்பது என்னைப் போன்ற ஓய்வான ஆட்களின் பொழுதுபோக்கு, உங்களுக்கு வேண்டாம்.

இப்போது தடுக்கும் கதைக்கு வருவோம். மிடி ஓடும்போது பாடுபவர் தாவினால் என்ன ஆகும்? நல்ல கீபோர்டுகளில் பாட்டுக்குள் சில இடங்களில் குறி வைத்துக்கொள்ளலாம். பொத்தானைத் தட்டினால் அந்த இடத்துக்குப் போகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மிடியில் டோன் தேர்வு, வால்யூம், பிட்ச் பெண்டின் (சுரத்தை வளைக்கும் கட்டளையின்) வீச்சு எல்லாம் பெரும்பாலும் பாட்டின் முதல் பாரில், அதாவது தாளத்தின் முதல் அளவில் எழுதியிருக்கும். முதல் பாரைக் காலியாக விடுவதே அதற்குத்தான். நீங்கள் அதைக் கடக்காமல் நடுவில் இறங்கினால் அந்தக் கட்டளைகள் கீபோர்டுக்குப் போய்ச் சேராமல் போகலாம்.

எடுத்துக்காட்டாக, பஞ்சமத்திலிருந்து ஷட்ஜத்துக்கு வழுக்கி இறங்கும் ஒரு ஜாரு, புல்லாங்குழலில். ஏழு அரைச்சுரம். பிட்ச் பெண்டின் இயல்பான வீச்சு மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம்தான். ஆகையால் கோப்பவர் பாட்டின் தலையில் 'வீச்சைப் பன்னிரண்டாக்கு' என்று கட்டளை வைத்திருப்பார். அந்தக் கட்டளையைத் தவறவிட்ட கீபோர்டு, அதே ஜாருவை வாசிக்கும்போது ஒரு அரைச்சுரத்துக்குச் சற்றே கீழே இறங்கி, ராகத்தில் இல்லாத ஒரு இடத்தில் நின்றுவிடும். கூட்டத்தில் பாதிப் பேருக்கு என்ன தப்பு என்று தெரியாது. ஏதோ தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். நடுவில் இறங்க வேண்டிய மிடியில் ஒவ்வொரு சரணத்தின் தொடக்கத்திலும் அந்தக் கட்டளைகளைத் திரும்ப எழுதிவைத்தால் தப்பிக்கலாம். எத்தனை பேர் செய்கிறார்கள்?

இணையத்தில் ஒருவரிடம் 2000 பாட்டு அடங்கிய மூட்டையை நான் ஒரு தரம் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். ஒரே பாட்டு மூன்று பெயரில். மெட்டு ஒன்றில் 1ம் சேனலில், இன்னொன்றில் 4ம் சேனலில். பாடும்போது அதை மௌனமாக்கத் தேட வேண்டும். கோத்தவர் இன்டர்லூடில் (பாட்டின் நடுவே வரும் வாத்திய இசையில்) பொறுமை இழந்து பாதியில் விட்டிருந்தார். மொத்தத்தில் மேடைக்குத் தேறியது இருபது இருக்கும். வாங்காதே என்று அக்கா மகனிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்தது ஸ்டைல். என் மனச்சாய்வு இதன் பக்கம்தான், மறைப்பதற்கில்லை. ஸ்டைல் என்பது முழுப் பாட்டு அல்ல. இன்ட்ரோ, மெயின் ஏ முதல் டி வரை, பகுதி மாறும்போது வரும் சிறு தாள உருட்டலான ஃபில், எண்டிங் என்று துண்டு துண்டான தாளமும் பக்கவாத்தியமும். இடக்கை பிடிக்கும் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) எதுவோ அதன்படி பேஸும் கிட்டாரும் மாறும். மெயின் ஏ நீங்கள் நிறுத்தும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும். பாடுபவர் மறந்து நின்றால் அதுவும் காத்திருக்கும். சரணத்துக்குத் தாவினால் ஃபில்லைத் தட்டிவிட்டு நீங்களும் தாவலாம். என் கேள்விக்கு ஆம் என்று சொல்லக்கூடிய ஒரே வடிவம் இதுதான்.

உள்ளே பார்த்தால் இதுவும் மிடிதான். யமஹாவின் எஸ்டிஒய் ஃபைலின் முன்பாதி டைப் 0 மிடி. 'மெயின் ஏ', 'எண்டிங் ஏ' என்று குறிகள் இடப்பட்டிருக்கும். பின்பாதியில், ஸி மேஜர் செவன்த்தில் பதிவான இந்தச் சுரங்களை வேறு கார்ட் வந்தால் எப்படி மாற்றுவது என்ற விதிகள். பெயரின் வாலை மட்டும் மிட் என்று மாற்றிக் கணினியில் போட்டால் எல்லாப் பகுதியும் வரிசையாக ஓடும். அடுத்தவர் எப்படித் தாளம் கட்டியிருக்கிறார் என்று திருடிப் படிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

குறைகள்? ஒன்று, கம்பெனி விட்டுக் கம்பெனி போகாது. கோர்கின் ஸ்டைலுக்கும் வால் எஸ்டிஒய்தான், யமஹாவுக்கும் எஸ்டிஒய்தான். ஒன்றை மற்றது படிக்காது. கேசியோவில் ஏசி7, ரோலண்டில் எஸ்டிஎல். மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் உண்டு, ஆனால் மாற்றியபின் டிரம்ஸையும் டோன்களையும் கையால் சரிசெய்யாமல் மேடைக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே கீபோர்டு மாற்றும் எண்ணம் இருந்தால் ஸ்டைலில் காசைக் கொட்டாதீர்கள்.

இன்னொன்று தாளம். உள்ளே கொடுத்திருக்கும் ஸ்டைல்களில் நாலு, மூன்று, ஆறெட்டு நிறைய உண்டு. கிராமியக் குத்துக்கு ஆறெட்டே போதும், திஸ்ர நடை அதில் உட்கார்ந்துவிடும். ஏழாக எண்ணும் மிஸ்ர சாப்பு, ஐந்தாக எண்ணும் கண்ட சாப்பு என்றால் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். அப்புறம் கார்ட். ராகத்தை ஒட்டிப் போகும் பக்திப் பாட்டில் கிட்டார் மேஜரும் மைனருமாக மாறி மாறி அடித்தால் எரிச்சலாக இருக்கும். அதற்கு ஒரு கைவேலை: யமஹாவில் ஆதாரச் சுரத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடித்தால் அதையும் ஒரு கார்டாக ஏற்றுக்கொள்ளும். மேஜரா மைனரா என்று காட்டும் காந்தாரம் இல்லாததால், பஞ்சமம் உள்ள எந்த ராகத்தோடும் சண்டை போடாமல் தம்பூரா மாதிரிக் கிடக்கும். கிட்டாரை அணைத்து, பேஸும் தாளமும் மட்டும் விடுங்கள், போதும்.

இன்டர்லூட்தான் ஸ்டைலால் ஆகாத காரியம். தொண்ணூறுகளின் திரைப்பாட்டில் இரண்டாவது சரணத்துக்கு முன் வரும் அந்த இருபது வயலின் ஓட்டத்தை ஸ்டைல் தராது. வலக்கையால் வாசிக்க வேண்டும், அல்லது விட வேண்டும். அந்த இசை வராவிட்டால் கூட்டம் மன்னிக்காது என்கிற பாட்டுக்கு மிடிதான் வழி.

மைனஸ் ஒன், அதாவது பாடும் குரல் இல்லாத ஒலிப்பதிவு. எம்பி3யாக இருந்தால் நிமிடத்துக்கு ஒரு மெகாபைட் கணக்கு. வேவ் பத்து மடங்கு. அசல் தவில், அசல் நாதஸ்வரம், அசல் வயலின் கோஷ்டி. எந்த ஸ்பீக்கரில் போட்டாலும் ஒரே மாதிரி. கீபோர்டு இல்லாமல் கைப்பேசியிலேயே ஓடும். கேட்பவருக்கு மிக நிறைவாக இருப்பது இதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாடுபவர் ஒரு பார் தவறினால் டிராக் திரும்பிப் பார்க்காது, போய்க்கொண்டே இருக்கும். பல வருடம் முன்பு ஒரு கல்யாண விருந்தில் பார்த்தேன்: மாப்பிள்ளையின் சித்தப்பா சரணத்தை ஒரு சுற்று முன்னதாக எடுத்துவிட்டார். மூன்று நிமிடம், அவர் ஒரு பக்கம், டிராக் ஒரு பக்கம். டிராக்கோடு கீபோர்டில் 'டச்' கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். இரண்டு பேரில் யாரோடு போவது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே நின்றேன்.

பிறர் செய்த மைனஸ் ஒன்னில் உரிமை விஷயமும் இரட்டிப்பு. பாட்டின் இசைக்கும் வரிக்கும் ஓர் உரிமை, அந்த ஒலிப்பதிவுக்கு இன்னோர் உரிமை. இங்கே பொது நிகழ்ச்சியில் பாட்டு வாசிக்க ஏற்பாட்டாளர்கள் இசைப் படைப்பாளர்களின் கம்பாஸ் சங்கத்தில் உரிமம் எடுப்பார்கள், அது பாட்டுக்கானது. யாரோ ஸ்டூடியோவில் செய்த பதிவை இறக்கி ஓடவிடுவது வேறு கணக்கு. செய்தவரிடம் வாங்கிவிடுங்கள்.

மற்ற வால்களைப் பற்றிச் சுருக்கமாக. கேஏஆர் என்று முடிந்தால் வரிகள் சேர்த்த மிடி, கரோக்கேக்கு. தமிழ் வரிகளை ஆங்கில எழுத்தில்தான் பெரும்பாலும் அடித்திருப்பார்கள். என் கீபோர்டின் திரை தமிழைக் காட்டாது. மியூசிக்எக்ஸ்எம்எல் என்பது இசைக்குறிப்புத் தாளை மென்பொருளுக்கு மென்பொருள் கைமாற்ற. பியானோ படிக்கும் பிள்ளைகளுக்கு உதவும், மேடைக்கு அல்ல. 2020 ஜனவரியில் மிடி 2.0 வந்தது, அழுத்தத்தின் அளவு 127லிருந்து 65,535க்குப் போனது என்றெல்லாம் பெருமைதான், ஆனால் நம் கையில் இருக்கும் பாட்டு ஃபைல்கள் எல்லாம் இன்னும் பழைய மிடியே. அதற்காகக் காத்திருந்து கீபோர்டு வாங்காமல் இருக்க வேண்டாம்.

சவுண்ட்ஃபாண்ட் மட்டும் இரண்டு வரி கூடுதலாகப் பெறும். எஸ்எஃப்2 என்று முடியும். இது பாட்டல்ல, ஒலிகளின் பெட்டி. முன்பு சொன்ன ஏடபிள்யூஇ32 கார்டோடு பிரபலமான வடிவம். மடிக்கணினியில் மிடியை ஓடவிட்டு, தவிலும் வீணையும் உள்ள சவுண்ட்ஃபாண்டை அதற்குக் கொடுத்தால் ஜெனரல் மிடியின் 128 பஞ்சம் தீரும். மேடையில் இன்னொரு மெஷின், இன்னொரு வயர், இன்னொரு பயம். எனக்கு அந்தத் துணிவு குறைவு.

ஆக, பதினொரு பாட்டையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஆசிரியையின் இரண்டு பக்திப் பாட்டு, துறைமுகக்காரரின் நான்கு பழைய பாட்டு: ஆறும் ஸ்டைல். அவர்கள் சங்கதியை நினைத்தபோது நீட்டுவார்கள், அவர்களை இழுத்துப் பிடிக்கக் கூடாது. மாணவிகள் பாடும் நான்கு புதுப் பாட்டு மிடி. அவர்கள் காதில் அசல் பாட்டு நூறு முறை ஓடியிருக்கிறது, பார் பிசகாது, இன்டர்லூடும் வேண்டும் என்றார்கள். நான்கையும் அக்கா மகனே உட்கார்ந்து கோத்தான், மூன்று வாரம் ஆனது. கடைசியாக எல்லாரும் சேர்ந்து ஆடும் குத்துப்பாட்டுக்கு விலை கொடுத்து வாங்கிய மைனஸ் ஒன். அதில் பாட்டைவிட ஆட்டம்தான் அதிகம், யார் தவறினாலும் தெரியாது.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஸ்டைல், டோன், கட்டை, வேகம் எல்லாவற்றையும் ஒரே பட்டனில் திரும்ப அழைக்கும் ரெஜிஸ்ட்ரேஷனில் வைத்து, தம்ப்டிரைவில் போட்டான். எஃப்ஏடி32ஆக ஃபார்மட் செய்த தம்ப்டிரைவ் இரண்டு. மற்ற ஃபார்மட்டை எல்லாக் கீபோர்டும் படிப்பதில்லை. விருந்தன்று மாலை ஒலிச் சோதனையில் முதல் பட்டனைத் தட்டினால் ஸ்டைல் வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. முகம் வெளுத்துவிட்டது. முந்தைய இரவு அழகுக்காக ஃபோல்டரின் பெயரை மாற்றியிருக்கிறான். ரெஜிஸ்ட்ரேஷனுக்குள் ஸ்டைல் இருக்காது. அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரிதான் இருக்கும். பழைய பெயரையே திரும்ப வைத்தோம், எல்லாம் வந்தது. நல்லவேளை, பழைய பெயர் அவனுக்கு நினைவிருந்தது.

துறைமுகக்காரர் மூன்றாவது பாட்டில் இரண்டாம் சரணத்தை விழுங்கிவிட்டு நேரே பல்லவிக்குப் போனார். பையன் ஃபில் தட்டினான், மெயின் பியிலிருந்து ஏவுக்கு இறங்கினான். முன்வரிசையில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பாடியவருக்கே தெரிந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

எல்லாம் முடிந்து வயரைச் சுருட்டும் நேரத்தில் எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர் மேடைக்கு வந்தார். தம்ப்டிரைவில் இல்லாத ஒரு பழைய பாட்டின் பெயரைச் சொல்லி, பாடட்டுமா என்றார். பையன் என்னைப் பார்த்தான். பிறகு ஆறெட்டில் ஒரு ஸ்டைலை எடுத்து, டிரம்ஸின் வால்யூமைக் குறைத்தான்.

"தாத்தா, எத்தனை கட்டை?"

"அதெல்லாம் தெரியாதுப்பா."

"சரி, நீங்க ஆரம்பிங்க. நான் பிடிச்சுக்கிறேன்."